படகேற ஒரு சீடி

நயினாதீவுக்குப் போகிறவனுக்கு ரிக்கற் எடுப்பது பெரிய காரியமில்லை. காரணம் சொல்வதுதான் பெரும்பாடு. குறிகட்டுவான் இறங்குதுறையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஹெல்மெற்றைக் கழற்றுவதற்கு முன்பே யாராவது கேட்டுவிடுவார்கள். "என்ன தம்பி, எங்க போறீர்?" நயினாதீவுக்கு என்றால், "ஏன்?" கோயிலுக்கு என்றால், "வேட்டி கட்டேல்லையே?" சொந்தக்காரர் வீட்டுக்கு என்றால், "ஆர் உமக்கு அங்க சொந்தம்?" கேட்பவர்களிடம் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. படகு வெளிக்கிடும்வரை சனத்துக்கு வேறு வேலை இல்லை, அவ்வளவுதான். ஆனால் பதில் கொஞ்சம் தடுமாறினால் போதும், ஆள் அக்கரையில் இறங்குமுன் கதை இறங்கிவிடும்.

புளியங்கூடல் சுஜிதன் தடுமாறுவதில்லை. அவனுடைய கையில் எப்போதும் ஒரு சீடி இருந்தது.

"ஒரு சீடி குடுக்கப் போறன்" என்பான். கையில் பொருள் ஒன்று இருந்தால் கேள்வி அத்தோடு நின்றுவிடும். பொருளைக் கொடுக்கப் போகிறவனை மறிப்பது எந்த ஊரிலும் வழக்கமில்லை.

சுஜிதனுக்கு முப்பத்தொரு வயது. பிரதேச சபையின் தண்ணீர் பவுசர் ஓட்டுகிறான். கிழமை நாட்களில் குடிதண்ணீர் இல்லாத ஒழுங்கைகளுக்கெல்லாம் தண்ணீர் கொண்டுபோய், குடங்களோடு நிற்கும் பெண்களுக்கிடையே நீதி வழங்கி, திட்டு வாங்கி, வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு கேம் விளையாட உட்காருவான். ரீவியில் கேம் ஓட்டுகிற மெசினான கொன்சோலின் முன்பக்கத்தில் வாய் மாதிரி ஒரு வெட்டு இருக்கும். அதில் சீடியை வைத்தால் 'ஸ்ஸ்க்' என்று உள்ளே இழுத்துக்கொள்ளும். நாள் முழுக்கத் திட்டு வாங்கியவனுக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டால்தான் உயிர் திரும்பி வரும்.

வேலணையில் போன் கடை வைத்திருக்கும் மிரோஜனுக்கு இது பிடிக்காது. இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள், ஆகவே மரியாதை கிடையாது.

"உலகம் முழுக்க டவுன்லோட் பண்ணி விளையாடுது. நீ மட்டும் கொழும்புக்குச் சொல்லி சீடி எடுப்பிச்சு, அதைத் துடைச்சுத் துடைச்சு வைச்சுக்கொண்டிருக்கிறாய். நெற்றில காசைக் கட்டு, கேம் தானா வந்து இறங்கும். விலையும் குறைவு."

"டவுன்லோடை கையில பிடிக்க ஏலுமே?"

"ஏன் பிடிக்கவேணும்? தூக்கிக் கொஞ்சப் போறியோ?"

"விளையாடி முடிஞ்சால் விக்கலாம். ஆருக்கும் இரவல் குடுக்கலாம்."

இந்தக் கடைசிச் சொல்லில்தான் விசயம் முழுவதும் இருந்தது. மிரோஜனுக்கும் அது தெரியும். ஏனென்றால் இரவல் தொடங்கியதே அவனுடைய கடையில்தான்.

கோபிகா நயினாதீவில் முன்பள்ளி ஆசிரியை. கனடாவில் இருக்கும் அவளுடைய அண்ணன் அவளுக்கு ஒரு கொன்சோல் அனுப்பியிருந்தான். கையில் பிடித்து அழுத்துகிற அதன் கைபிடியில் ஒரு பொத்தான் இறுகிப்போய், அந்தக் கைபிடியை மட்டும் கொண்டு, திருத்தித் தரும்படி மிரோஜனின் கடைக்கு வந்திருந்தாள். கார் ஓட்டப் போட்டியில் தன்னுடைய கார் இடப்பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறது, வலப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் கடலுக்குள் விழுகிறது என்று அவள் சொன்னபோது, தொழில் முறைச் சாரதி ஒருவன் வாயை மூடிக்கொண்டு நிற்பது எப்படி? அன்று கடையில் நின்ற சுஜிதன் கதைக்குள் புகுந்தான். எந்த வளைவில் பிரேக் பிடிக்கவேண்டும், எதில் பிடிக்கக்கூடாது என்பதில் தொடங்கி, "அதைவிடத் திறமான கேம் ஒண்டு என்னட்ட இருக்கு. சீடியாத்தான் இருக்கு. வேணுமெண்டால் இரவல் தாறன்" என்று முடித்தான்.

கோபிகா ஒரு கணம் அவனைப் பார்த்தாள். பிறகு, "ஓம், கொண்டுவாங்கோவன்" என்றாள்.

அன்றிலிருந்து சனிக்கிழமைகள் நயினாதீவுக்கென்று ஆகிவிட்டன. ஒரு சீடியைக் கொடுத்து முந்தியதை வாங்கிக்கொண்டு வருவான். விறாந்தையில் அவனுக்கு ஒரு கதிரை. எதிரே கோபிகாவுக்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவில், இரண்டு பக்கமும் வடிவாகத் தெரிகிற மாதிரி, அவளுடைய தாய் சறோஜினிதேவிக்கு ஒன்று. தபாற்கந்தோரில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். சுளகில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டு, ஒரு சொல்லும் தவறாமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

"அந்தப் பாலத்தடிக் கிழவனை எப்பிடிச் சாகடிச்சனீர்?" என்று சுஜிதன் கேட்பான்.

"முன்னால போனால் ஏலாது. பின்னால போய்க் குத்தினனான்" என்பாள் கோபிகா.

"நானும் அப்பிடித்தான். பிறகு அவன்ர குதிரையைக் களவெடுத்தனீரோ?"

"பின்ன? குதிரையை எடுத்து, வீட்டையும் கொளுத்திப்போட்டுத்தான் வந்தனான்."

சறோஜினிதேவியின் சுளகு அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நிற்கும். பிறகு திரும்பவும் கல் பொறுக்கத் தொடங்கும். கொலை, களவு, கொள்ளி வைத்தல் என்று ஒரு தேத்தண்ணி குடித்து முடிகிற அளவுக்குக் கதை போகும். அதற்குமேல் இருந்தால் மரியாதையில்லை என்று எழும்பிவிடுவான். சீடிகள் திரும்பி வரும்போது ஒரு கீறல் இராது, ஒரு விரல் அடையாளம்கூட இராது. அதை மிரோஜனிடம் கொண்டுபோய்க் காட்டி, "பாத்தியே, எவ்வளவு பத்திரமா வைச்சிருக்கிறா! பொறுப்பான பிள்ளை" என்று உருகுவான்.

இந்தப் போக்குவரத்தில் ஒரேயொரு சிக்கல் இருந்தது. கேம் சீடிகளின் பெட்டிகளில் இருக்கும் படங்கள் அப்படி. அரைகுறை உடுப்போடு வாள் தூக்கிய பெண்கள், தலையில்லாத பேய்கள், துவக்குகள். நாகபூசணி அம்மனைக் கும்பிடப் போகிற சனத்துக்கு நடுவில் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு இருக்க முடியுமா? அதுவும் பெண் வீட்டுக்குப் போகும்போது? ஆகவே சுஜிதன் பெட்டியை வீட்டில் விட்டு, சீடியை மட்டும் எடுத்து, ஒரு பெரிய காக்கி நிற உறைக்குள் போட்டு, மடங்காமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு போவான். தன்னுடைய புத்திசாலித்தனத்தை அவனே மெச்சிக்கொண்டான்.

இறங்குதுறையில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் சின்னத்தங்கம், அந்த உறையைக் கண்ட முதல் நாளே அது என்னவென்று கண்டுபிடித்துவிட்டார். அவருக்கு இடுப்பு வலி வந்தபோது யாழ்ப்பாணத்தில் ஸ்கான் எடுத்து, அதை ஒரு சீடியில் பதிந்து, இதே மாதிரி ஒரு காக்கி உறையில்தான் கொடுத்தார்கள். அவரும் இப்படித்தான், மடங்காமல், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். அப்படியென்றால் இந்தப் பொடியன் கிழமைக்கு ஒரு ஸ்கான் எடுக்கிறான். எடுத்த கையோடு நயினை அம்மாளிடம் ஓடுகிறான். படகுக்குள் தனியே வாயை அசைத்து முணுமுணுத்துக்கொண்டு இருக்கிறான். (கோபிகாவிடம் என்ன சொல்வது என்று அவன் பாடமாக்கிக்கொண்டிருந்தது அது.) சின்னத்தங்கம் கூட்டிக் கழித்துப் பார்த்தார். தலையில் கட்டி.

இதைச் சின்னத்தங்கம் யாருக்கும் சொல்லவில்லை. தேத்தண்ணி குடிக்க வந்தவர்களுக்கு மட்டும்தான் சொன்னார்.

அதன்பிறகு சுஜிதனின் பயணங்கள் சுகமாகிவிட்டன. படகில் சனம் நெருங்கி ஒதுங்கி அவனுக்கு இடம் விட்டது. வெயில் படாத பக்கத்தில் இருக்கச் சொன்னார்கள். முன்பின் தெரியாத ஓர் அம்மா எழும்பி வந்து அவனுடைய நெற்றியில் திருநீறு பூசி, கண் கலங்கிப் போனார். இன்னொருவர் இளநீர் வெட்டுவித்துக் கொடுத்துக் காசு வாங்க மறுத்தார். சுஜிதன் மிரோஜனிடம் சொன்னான்: "தீவுச் சனத்தைப்போல தங்கமான சனம் உலகத்தில இல்லையடா."

இப்படி எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருக்கும்போதுதான் ஒரு வெள்ளிக்கிழமை மிரோஜன் அந்தச் செய்தியைச் சொன்னான். கோபிகா ஆவலோடு எதிர்பார்த்துக்கொண்டிருந்த கார் ஓட்ட கேமின் அடுத்த பாகம் வரப்போகிறது. ஆனால் சீடி கிடையாது. டவுன்லோட் மட்டும்தான். இனிவரும் கேம்கள் பலவும் அப்படித்தானாம்.

சுஜிதனிடம் கோபிகாவுக்கு இன்னும் கொடுக்காத சீடி ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அது முடிந்தால்?

"முடிஞ்சால் என்ன? சும்மா போய்ப் பாரன்" என்றான் மிரோஜன்.

"சும்மாவோ? துறையில கேட்டால் என்னத்தைச் சொல்லுறது? டவுன்லோட் கொண்டுபோறன் எண்டு வெறுங்கையைக் காட்டுறதோ? அவவின்ர தாய் கேட்டால்?"

"அப்ப விருப்பம் எண்டு சொல்லு. நாளைக்கே சொல்லு. பவுசரை முடக்கு ஒழுங்கையுக்குள்ள பின்பக்கமா ஓட்டுறாய், இதைச் சொல்ல ஏலாதோ?"

"பவுசர் திருப்பிக் கதைக்காதடா."

ஆனாலும் வேறு வழி தெரியவில்லை. அடுத்த நாள் கடைசிச் சீடியைக் காக்கி உறைக்குள் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டான். இன்றைக்குச் சொல்லாவிட்டால் இனி ஒருநாளும் சொல்லக் கிடைக்காது. படகில் வழி முழுக்க முணுமுணுத்தான். பக்கத்தில் இருந்தவர்கள் அம்மனைக் கூப்பிட்டார்கள்.

படலையைத் திறந்தது சறோஜினிதேவி. முகம் சரியில்லை. விறாந்தையில் கதிரைகளைக் காணவில்லை.

"தம்பி, உள்ள வாரும்."

சுஜிதன் திரும்பிப் பார்த்தான். பின்னால் வேறு தம்பி எவரும் இல்லை. இத்தனை நாளும் விறாந்தையைத் தாண்டாதவன், செருப்பைக் கழற்றிவிட்டு, கால் கூச மண்டபத்துக்குள் போனான். அவனை மின்விசிறிக்குக் கீழே இருத்தி, சறோஜினிதேவி ஒரு பெரிய குவளையைக் கையில் கொடுத்தார். கடும் பச்சை நிறத்தில் ஏதோ.

"வல்லாரை. குடியும். மூளைக்கு நல்லது."

மண்டபத்துக்குள் முதன்முதல் வருகிறவர்களுக்கு இந்த வீட்டில் இதைக் கொடுப்பது வழக்கம் போலும் என்று நினைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து ஒரே இழுவையில் குடித்தான். குசினி வாசலில் கோபிகா வந்து நின்றாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது.

"எப்ப ஒப்பரேசன்?" என்றார் சறோஜினிதேவி.

"என்ன ஒப்பரேசன், அன்ரி?"

"என்னட்ட ஒளிக்காதையும். குறிகட்டுவானில நிண்ட சனமெல்லாம் வந்து சொல்லுது. தலையில கட்டியாம். கிழமைக்கொரு ஸ்கான் எடுத்து, அந்தச் சீடியை அம்மாளின்ர காலில வைக்கத்தான் வாறீராம். போற வழியில இஞ்ச வந்து தேத்தண்ணி குடிக்கிறீராம்."

சுஜிதனுக்குத் திருநீறும் இளநீரும் நிழல் இடமும் வரிசையாக நினைவுக்கு வந்தன.

"நான் மனசில வேற மாதிரி நினைச்சிருந்தனான், தம்பி" என்று சறோஜினிதேவி குரல் இறங்கிச் சொன்னார். "நல்ல பொடியன், அரசாங்க உத்தியோகம், குடி வெறி இல்லை, பிள்ளையோட மரியாதையாக் கதைக்குது எண்டு. ஆனால் எனக்கு இருக்கிறது ஒரே பொம்பிளைப் பிள்ளை. தலையில கட்டியோட இருக்கிறவருக்கு நான் எப்பிடி…"

ஒரே மூச்சில் பெண்ணைக் கொடுத்து ஒரே மூச்சில் திருப்பி எடுத்தால் மனிதன் என்ன செய்வான்? சுஜிதன் துள்ளி எழும்பினான்.

"அன்ரி, எனக்குக் கட்டியும் இல்லை, ஒரு கோதாரியும் இல்லை! இது கேம்! விளையாடுற கேம்! கார் ஓட்டுற கேம்!" உறைக்குள் இருந்து சீடியை இழுத்தெடுத்து நீட்டினான்.

சறோஜினிதேவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கறுப்பு நிறத்தில், ஓரத்தில் பொடி எழுத்துகளோடு இருந்தது. "இதில இங்கிலீசில என்னவோ எழுதிக் கிடக்கு. ஸ்கானிலயும் இங்கிலீசிலதான் எழுதுறவங்கள்."

"கோபிகாவைக் கேளுங்கோ! இவ்வளவு நாளும் நான் குடுத்த சீடியளைப் போட்டு விளையாடினவதானே!"

"அவள் உமக்குப் பாவம் பாத்துச் சொல்லுவாள். நீர் குடுத்த சீடி ஒண்டும் ஓடினதை நான் கண்டதில்லை. எனக்குக் கண்ணால பாக்கவேணும். போட்டுக் காட்டும். ரீவியில கார் ஓடட்டும், நான் நம்புறன்."

இவ்வளவுதானா! சுஜிதனுக்கு உயிர் வந்தது. ஆனால் குசினி வாசலில் நின்ற கோபிகாவின் முகம் வெளுத்துப்போனது.

"அம்மா, கறண்ட் இல்லை" என்றாள்.

மூன்று பேரும் தலைக்குமேல் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்கள்.

"ரீவி பழுது" என்றாள் பிறகு.

சறோஜினிதேவி றிமோட்டை அழுத்தினார். ரீவியில் ஒருவர் பூசணிக்காய்க் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார்.

"கைபிடியில பற்றறி இல்லை."

"நீ விலகு" என்றார் தாய்.

என்ன பெண் இவள்! இங்கே ஒருவனுடைய வாழ்க்கை போய்க்கொண்டிருக்கிறது, இவள் பற்றறி பார்க்கிறாள்! சுஜிதனுக்கு அவள்மேல் முதன்முதலாகக் கோபம் வந்தது. ரீவி மேசைக்குக் கீழே வெள்ளை நிறத்தில் வடிவான கொன்சோல் இருந்தது. முழங்காலில் இருந்து, சீடியை விரல் நுனியில் பிடித்து, வாயைத் தேடினான்.

முன்பக்கத்தில் வாய் இல்லை.

பக்கவாட்டில் பார்த்தான். இல்லை. வயர்களோடு சேர்த்துத் தூக்கி, பின்பக்கம் பார்த்தான். கரப்பன் வந்த குழந்தையைத் திருப்பிப் பார்ப்பதுபோல அடி, முடி எல்லாம் புரட்டிப் பார்த்தான். காற்றுப் போகிற ஒரு நீக்கல் மட்டும் இருந்தது. வேறு வழியில்லாமல் சீடியை அதற்குள் நுழைக்கப் பார்த்தான். அது கால்வாசி போய் இறுகி நின்றது.

"உப்பிடியே போடுறது?" என்று சறோஜினிதேவி சந்தேகத்தோடு கேட்டார்.

சுஜிதனுக்கு வேர்த்தது. யாரோ வாயை அடைத்துவிட்டார்கள் என்று முதலில் நினைத்தான். வல்லாரை தலைக்கு ஏறிவிட்டது என்று அடுத்ததாக நினைத்தான். பிறகு நிமிர்ந்து கோபிகாவைப் பார்த்தான்.

"அதில சீடி போட ஏலாது" என்றாள் அவள், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "அண்ணா அனுப்பினது டவுன்லோட் மட்டும் பண்ணுற மெசின். அதுக்கு வாயே இல்லை."

"அப்ப நான் தந்த சீடியள்?"

"அலுமாரியில, சீலையளுக்கு நடுவில வைச்சிருந்து, அடுத்த சனிக்கிழமை எடுத்துத் தந்தனான்."

"பாலத்தடிக் கிழவனைக் குத்தினது?"

"நீங்கள் ஒவ்வொரு சீடியும் கொண்டுவர, அதே கேமுக்கு அண்ணாட்டச் சொல்லி நெற்றில காசைக் கட்டுவிச்சு டவுன்லோட் பண்ணினனான். உந்த நெற்றில இறங்கி முடியவே நாலைஞ்சு நாள். பிறகு விடிய வெள்ளன எழும்பி விளையாடினனான். விளையாடாட்டி சனிக்கிழமை உங்களோட என்னத்தைக் கதைக்கிறது?"

"இது சீடி போடுற மெசின் இல்லையெண்டு முதல் நாளே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தால் நீங்கள் என்னத்தைச் சாட்டி வந்திருப்பீங்கள்?"

தான் மட்டும்தான் காரணம் தேடி அலைகிறேன் என்று இருந்தவன் சுஜிதன். அக்கரையில் ஒருத்தி கனடாவரைக்கும் ஆள் வைத்துக் காரணத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். படகில் பாடமாக்கி வந்த அழகான வசனங்கள் எல்லாம் மறந்துபோய், முழங்காலில் இருந்தபடியே, கையில் கொன்சோலோடு உளறினான்.

"எனக்குக் கட்டி இல்லை, கோபிகா. உம்மில விருப்பம்தான் இருக்கு."

"எனக்கும்" என்றாள் கோபிகா. சொல்லிவிட்டுக் குசினிக்குள் ஓடவில்லை. அங்கேயே நின்றாள்.

சறோஜினிதேவி கதிரையில் மெல்ல இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டினார். "அப்ப என்ர மகன் குளிருக்குள்ள உழைக்கிற காசெல்லாம் உந்தக் கிழவனைக் குத்தத்தான் போனது" என்றார். மகளைப் பார்த்தார். பிறகு, நீக்கலுக்குள் இறுகிப்போன சீடியை நோகாமல் வெளியே எடுக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்த பெரிய மனிதனைப் பார்த்தார். வாய் ஓரத்தில் சிரிப்பு ஒன்று வரப்பார்த்தது. அதை அவர் விடவில்லை.

"சரி. வாற சனிக்கிழமை உந்தச் சீடி ஒண்டும் வேண்டாம். உம்மட அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாரும். இருந்து கதைப்பம்."

"ஓம்" என்றான் சுஜிதன்.

"ஆனால் ஒண்டு. ஊரெல்லாம் கட்டி எண்டு கதைச்சாப்பிறகு எனக்கு மனம் கேக்காது. கலியாணக் காரியம். யாழ்ப்பாணத்தில தலையை ஒருக்கா வடிவா ஸ்கான் எடுத்து, அந்தச் சீடியையும் கையோட கொண்டுவாரும். நான் கண்ணால பாக்கவேணும்."

சுஜிதன் கையில் இருந்த கொன்சோலை மேசைக்குக் கீழே பத்திரமாக வைத்துவிட்டு எழும்பி நின்றான்.

"கொண்டுவாறன், மாமி. ஆனால் இந்த வீட்டில அதை எதில போட்டுப் பாக்கிறது?"

அன்ரி என்று வரவேண்டிய இடத்தில் மாமி என்று வந்துவிட்டதை மூன்று பேருமே கவனித்தார்கள். ஒருவரும் திருத்தவில்லை.